வேப்பமரத்தடி டிராக்டர்: சரிபண்ணலாமா, எடைக்குப் போடலாமா?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனால் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். களத்து ஓரம் ஒரு வேப்பமரம். அதன் அடியில் கிழிந்த தார்ப்பாய்க்குள் ஒரு டிராக்டர். சிவப்புப் பெயின்ட் வெளுத்துப் போயிருக்கிறது. முன் டயர் இரண்டும் தரையோடு அமுங்கிக் கிடக்கின்றன. சைலன்சர் குழாய்க்குள் ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த மகன் தார்ப்பாயை விலக்கிப் பார்க்கிறார். பின்னாலேயே வந்து நிற்கும் அப்பா சொல்கிறார்: "இன்ஜின் நல்லாத்தான்பா இருக்கு. ஒரு பேட்டரி போட்டா ஸ்டார்ட் ஆயிடும்."

செலவு அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது. பேட்டரியில் தொடங்கி, பம்பு, நாசில், டயர், பெயின்ட் என்று ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் போய், வண்டி ஒழுங்காக ஓடவும் செய்யாமல், எடைக்குப் போடவும் மனசு வராமல், அதே மரத்தடிக்குப் புதுப் பெயின்ட்டோடு திரும்பிப் போன டிராக்டர்கள் உண்டு. 25, 30 வருஷ வண்டியை முறையாகத் தட்டியெடுத்து இன்றைக்கும் உழவுக்கு அனுப்பும் வீடுகளும் உண்டு. இந்த இரண்டு வீடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது முதலில் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது.

எல்லோரும் கேட்பது "சரிபண்ண எவ்வளவு ஆகும்?" என்று. அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி இது: மழை பெய்த மறுநாள் காலையில் இந்த வண்டி கிளம்புமா, கிளம்பினால் யார் ஓட்டுவார்கள்?

வாடகைக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

எக்ஸெல் ஷீட்டில் வேலை பார்த்துப் பழகிய மகன் முதலில் போடும் கணக்கு இப்படி இருக்கும். ஐந்து ஏக்கர் நிலம். ஒரு போகத்துக்கு நாலு உழவு, ஏக்கருக்கு ஒரு உழவுக்கு ஒரு மணி நேரம், வருஷத்துக்கு இரண்டு போகம். ஆக 40 மணி நேரம். வெளி டிராக்டர் வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்தால் வருஷச் செலவு 48,000 ரூபாய்.

சொந்த வண்டி என்றால்? மணிக்கு 4 லிட்டர் என்று பிடித்தால் 160 லிட்டர் டீசல், ஏறக்குறைய 15,000 ரூபாய். டிரைவர் கூலி, இன்ஜின் ஆயில், ஃபில்டர், இன்சூரன்ஸ், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து இன்னொரு 15,000. மிச்சமாவது 18,000 ரூபாய். இரண்டு லட்சம் போட்டுச் சரிசெய்தால் அந்தப் பணம் திரும்பி வர 11 வருஷம் ஆகும். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை அண்மை ஆண்டுகளில் டிராக்டரை மணிக்கு 500 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். அந்த விலையில் வண்டி கிடைத்தால் 40 மணி நேரத்துக்கு 20,000 ரூபாய்தான். சொந்த வண்டியை ஓட்டும் செலவைவிடவே குறைவு.

கணக்கு முடிந்தது, எடைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் அப்பா இந்தக் கணக்கை ஏற்க மாட்டார். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று மகன் நினைக்கலாம். அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது: "கிடைச்சாத்தானே?"

விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மழை பெய்த அன்று இறங்கினால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். நாலைந்து நாள் விட்டால் கட்டி கட்டியாகக் காய்ந்துவிடும். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நாளில் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நாட்களில் ஊரில் இருக்கிற எல்லோருக்கும் டிராக்டர் வேண்டும். வண்டிக்காரர் பெரிய நிலக்காரருக்கு முதலில் ஓட்டிவிட்டு, ஐந்து ஏக்கர்காரருக்கு "நாளைக்கு வர்றேண்ணே" என்பார். நாளை என்பது நாலு நாளாகும். அதற்குள் ஈரம் போய்விடும். வாடகை மிச்சம் என்ற வரிக்குள் அந்த நஷ்டம் வராது. சொந்த டிராக்டரின் மதிப்பு வருஷம் முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை, அந்த ஆறேழு நாளில்தான் மொத்தமும் இருக்கிறது.

அப்படியானால் அப்பா சொல்வதே சரியா? பாதி சரி. அந்த ஆறேழு நாளில் கிளம்பாத பழைய வண்டி, வண்டியே இல்லாததைவிட மோசம். வண்டி இல்லாதவர் முன்கூட்டியே வாடகைக்குச் சொல்லி வைத்திருப்பார். சொந்த வண்டியை நம்பி இருந்தவர் பம்பில் காற்று ஏறி வண்டி நின்ற அன்றைக்குத்தான் ஃபோனை எடுப்பார். அதனால் "ஓடுமா" என்று கேட்டால் போதாது, அந்த வாரம் நம்பி இறக்கலாமா என்று கேட்க வேண்டும்.

ஓட்டுவது யார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அப்பாவுக்கு 65 தாண்டியிருக்கும். பழைய வண்டியின் கிளட்ச் முழங்காலைக் கேட்கும், பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி தோள்பட்டையைக் கேட்கும். ஊரில் இருக்கும் இளைஞர்கள் புது வண்டியில் பழகியவர்கள், இதில் ஏறத் தயங்குவார்கள். மகன் வருஷத்துக்கு நாலு தடவை வருவார். ஓட்ட ஆள் இல்லாத டிராக்டர், எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும், ஆறு மாதத்தில் பேட்டரி இறங்கி மறுபடி மரத்தடிக்குத்தான் வரும்.

எந்தக் கம்பெனி வண்டி?

பழைய டிராக்டர் எல்லாம் ஒன்றல்ல. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே, மாஸி பெர்குசன் பெயரில் தயாரித்த 1035 மாடல் தமிழ்நாட்டு ஊர்களில் சர்வசாதாரணம். அதில் உள்ள மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின், இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வழி வந்தது. அந்த மாடல் சின்னச் சின்ன மாற்றங்களோடு நெடுங்காலம் விற்றுக்கொண்டே இருந்ததால் லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கட் என்று எது கேட்டாலும் அருகில் உள்ள டவுனிலேயே கிடைக்கும். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் உண்டு. பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

மரத்தடியில் நிற்பது எச்.எம்.டி. என்றால் கதை வேறு. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் தொழில்நுட்பத்தோடு 1970-களின் தொடக்கத்தில் ஹரியானாவின் பிஞ்சோரில் உருவான வண்டி அது. இரும்பு கெட்டி என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் தந்துவிட்டது. ஃபோர்டு 3600 போன்ற வண்டிகளுக்கும் பழைய ரசிகர்கள் இருக்கிறார்கள். பாகமும் தேடினால் கிடைக்கும். பஞ்சாபிலிருந்தோ ராஜ்கோட்டிலிருந்தோ பார்சலில் வரும், அல்லது புதுப்பேட்டை மாதிரி உடைப்புச் சந்தையில் கண்டுபிடிக்க வேண்டும். ஆனி மாதம் என்றால் தேடலாம், காத்திருக்கலாம். ஐப்பசி மழைக்கு நடுவில் பார்சலுக்குக் காத்திருக்க முடியாது.

"பழைய வண்டின்னா சென்சார் கிடையாது, நம்ம ஊர் மெக்கானிக்கே பார்த்துடுவான்" என்றொரு வாதம் அடிக்கடி வரும். 2023 ஜனவரியில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு. எலக்ட்ரானிக் சமாச்சாரம் நுழைந்தது பெரும்பாலும் அங்கேதான். 35, 40 குதிரைத் திறன் வண்டிகளில் புதியதிலும் பெரும்பாலும் பழைய பாணி பம்புதான். ஆக, இந்த அளவு வண்டியைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் பெரிய பலம் இல்லை.

முதலில் பின்பக்கம் போக வேண்டும்

வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் நேராக பானெட்டைத் திறப்பார்கள். இன்ஜின்தான் உயிர் என்று நினைப்பு. உண்மையில் இன்ஜின்தான் கணிக்கக்கூடிய செலவு. அரை இன்ஜின் வேலையா, ஃபுல் இன்ஜின் வேலையா என்று தெரிந்துவிட்டால், கிட்டத்தட்ட எவ்வளவு ஆகும் என்று எந்தப் பட்டறையிலும் சொல்லிவிடுவார்கள். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது.

விலை தெரியாதது பின்னால் இருக்கிறது. கியர்பாக்ஸ், கிரவுன் பினியன், ஹைட்ராலிக். காரைப் போல டிராக்டருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஹவுசிங் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கி, அதுவே வண்டியின் முதுகெலும்பாக நிற்கிறது. அந்த வார்ப்பு இரும்பில் விரிசலோ பழைய வெல்டிங் தழும்போ தெரிந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். ஆயில் கசிந்து மண் அப்பியிருக்கும் இடங்களைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை. பைசா செலவில்லை. ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

வண்டி என்ன வேலை பார்த்தது என்பதும் அங்கேதான் தெரியும். சொந்த நிலத்தில் ஐந்து கொத்துக் கலப்பை மட்டும் இழுத்த வண்டி ஒரு ரகம். டெல்டாவில் கேஜ் வீல் மாட்டிச் சேறு ஓட்டிய வண்டி வேறு ரகம். பின் அச்சு சீல் தேய்ந்து, பிரேக்குக்குள்ளும் ஹவுசிங்குக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். செங்கல்லும் மணலும் கரும்பும் டிரெய்லரில் அளவுக்கு மீறி ஏற்றி இழுத்த வண்டிதான் இருப்பதிலேயே ஆபத்தானது. வெளியில் பளபளப்பாக இருந்தாலும் கிரவுன் பினியனில் "ஊஊ" என்று ஊளைச் சத்தம் வரும். சொந்த வீட்டு வண்டி என்றால் இந்த வரலாறு அப்பாவுக்குத் தெரியும். வெளியில் வாங்கும் எந்த செகண்ட் ஹேண்ட் வண்டிக்கும் இல்லாத ஒரு தகுதி அது. அவரிடம் உட்கார்ந்து பேசிக் கேட்டு எழுதி வைக்கலாம். எப்போது லைனர் மாற்றினார், மூணாவது கியர் எப்போதிலிருந்து தெறிக்கிறது, லிஃப்ட் எந்த வருஷம் இறங்க ஆரம்பித்தது என்று அவருக்கு மாசத்தோடு ஞாபகம் இருக்கும்.

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் லிஃப்டில் கலப்பையைத் தூக்கி இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். கலப்பை அதே உயரத்தில் இருந்தால் நிம்மதி. அதற்குள் தரையைத் தொட்டிருந்தால் ஹைட்ராலிக்கில் வேலை காத்திருக்கிறது.

இன்ஜினுக்கும் சில எளிய அடையாளங்கள் உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் நாசிலோ ஏர் ஃபில்டரோவாக இருக்கலாம், அவ்வளவு பயப்பட வேண்டாம். வெளியில் வாங்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. சூடாக இருந்தால், இவர்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டி இழுக்கும் ஆசை

பல வருஷம் நின்ற வண்டியை லீவு முடிவதற்குள் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம் வரும். பக்கத்து வீட்டு டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பார்கள். ஃபோனில் வீடியோ எடுக்க நாலு பேர் நிற்பார்கள். நல்ல இன்ஜின் நாசமாவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

நின்ற வண்டியில் ரிங்குகள் லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இழுத்து முறுக்கினால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையலாம். டேங்கில் தேங்கிய தண்ணீர் பம்புக்குள் போயிருந்தால் அதுவும் போச்சு. சரியான முறை சலிப்பூட்டுவது. பழைய டீசலையும் ஆயிலையும் வடித்துவிட வேண்டும். நாசில்களைக் கழற்றி அந்தத் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஊறப்போட வேண்டும். ஒன்றிரண்டு நாள் கழித்து இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் மேலே போகலாம். சுற்றாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பம்பின் உள்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆன இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்துக்கொண்டே போகும். ஸ்டாப் நாபை இழுத்தாலும் நிற்காது. அப்போது காற்று போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும். அதனால் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டர் குழாய் அருகே கனமான பலகையோடு விவரம் தெரிந்த ஒருவர் நிற்பது வழக்கம். கையால் அடைக்க முயல்வது தப்பு. கை உள்ளே இழுபடும்.

"பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்"

மெக்கானிக் சொல்லும் இந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் குடும்பங்கள் பணத்தை இழப்பதும் இந்த வாக்கியத்தில்தான். பிரித்த பிறகு "அதுவும் போயிருக்கு, இதுவும் போயிருக்கு" என்று பட்டியல் நீளும். ஏற்கெனவே 40,000 போட்டாகிவிட்டதே என்று இன்னொரு 30,000 போடுவார்கள். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் போட்டது வீணாகிவிடக் கூடாதே என்ற பயம்தான் அடுத்த நோட்டை எடுக்க வைக்கிறது.

இதற்கு ஒரே தடுப்பு, வேலையை இரண்டாகப் பிரிப்பது. பார்ப்பதற்கு ஒரு கூலி, சரிசெய்வதற்குத் தனிக் கூலி. "அண்ணே, நீங்க பிரிச்சு என்னென்ன போயிருக்குன்னு மட்டும் எழுதிக் குடுங்க. பார்த்த கூலி இப்பவே தந்துடுறோம். செய்யறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றோம்" என்று முதலிலேயே பேசிவிடலாம். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பேசவே தயங்கினால் வேறு பட்டறை பார்க்கலாம்.

பட்டியல் கைக்கு வந்ததும் அதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் அடுத்த தவறு நடக்கும். "புது வண்டி ஆறேழு லட்சம், இது ரெண்டு லட்சத்துல முடிஞ்சிடும்" என்பார்கள். புது வண்டியோடு ஒப்பிட்டால் எந்தப் பழைய வண்டியும் லாபமாகத்தான் தெரியும். அதே மாடல், ஓடும் நிலையில், பேப்பர் சரியாக இருக்கும் இன்னொரு வண்டி அந்தப் பக்கத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் சரியான ஒப்பீடு. மரத்தடி வண்டிக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறக்கக் கூடாது. 1035 ஏறக்குறைய 1,700 கிலோ எடை. பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தால்கூட 51,000 ரூபாய். ரிப்பேர் பட்டியலோடு இந்த 51,000-ஐயும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தொகை, ஓடுகிற வண்டியின் விலையைத் தாண்டினால் பதில் வந்துவிட்டது.

பட்டியலில் டயரை மறப்பவர்களும் அதிகம். ஒரு ஜோடி பின் டயரே சில சமயம் இன்ஜின் வேலையில் பாதியைக் கேட்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பின் டயர், டியூப், ஹைட்ராலிக் பம்பு உள்ளிட்ட பல டிராக்டர் பாகங்களுக்கு 18-லிருந்து 5. புது வண்டியும் மலிந்தது, பழையதைச் சரிசெய்வதும் மலிந்தது. அதற்கு முன் வாங்கிய கொட்டேஷன் கையில் இருந்தால் மறுபடி ஒரு முறை விலை கேட்பது நல்லது.

வண்டி எந்த வேலைக்கு என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். கலப்பைக்கும் டிரெய்லருக்கும் பழைய 35 குதிரை வண்டி தாராளம். ரோட்டவேட்டர் ஓட்ட வேண்டும் என்றால் கவனம் தேவை. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தாலே பின்னால் சுற்றும் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். வரப்பு ஓரத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் இது தொல்லை. இரட்டைக் கிளட்ச் இருந்தால் பிரச்சினை இல்லை. இன்றைக்கு ஊரில் எல்லோரும் ரோட்டவேட்டருக்கு மாறிவிட்ட நிலையில் இதைக் கேட்காமல் பணம் போடுவது வீண்.

ஆர்.சி. புக் எங்கே?

இரும்பைப் பார்ப்பதற்கு முன்பே டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். விவசாய டிராக்டரின் பதிவு முதலில் 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். பத்து வருஷமானால் டிராக்டரைக் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி தவறு என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. ஆக, வயசு மட்டும் சட்டப்படி தடையில்லை.

தடை வருவது வேறு இடத்தில். 1990-களில் பேங்க் லோனில் எடுத்த வண்டி. கடன் எப்போதோ கட்டி முடிந்தது. ஆனால் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு அப்படியே இருக்கும். அதை நீக்க பேங்க்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். அந்தக் கிளையே வேறொரு வங்கியோடு இணைந்திருக்கலாம். தாத்தா பெயரில் வண்டி இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. பதிவைப் புதுப்பிக்க படிவம் 25. இதில் எல்லா வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும் என்ற இடத்தில் அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லாம் வருவார்கள். இரண்டு லட்சம் போட்டு வண்டியைப் பளபளப்பாக்கிய பிறகு "அதுல எனக்கும் பங்கு உண்டுல்ல?" என்று சித்தப்பா கேட்பதைவிட, துரு ஏறிக் கிடக்கும்போதே கேட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பேப்பர் இல்லாத வண்டியை "நம்ம காட்டுக்குள்ளதானே ஓடப்போகுது" என்று சமாதானம் சொல்லி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குப் போக ரோட்டைத் தாண்டித்தானே ஆக வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் இழப்பீடு நிலத்தைத் தேடி வரும்.

பிரேக் கொக்கி

சரிசெய்வது என்று முடிவானால், பணம் முதலில் போக வேண்டியது பெயின்ட்டுக்கு அல்ல, பிரேக்குக்கு. டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல். வயலில் குறுகலாகத் திரும்ப அது உதவும். ரோட்டில் போகும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் இணைக்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அந்தக் கொக்கி காணாமல் போயிருக்கும். வேகத்தில் ஒற்றைப் பெடல் மட்டும் மிதிபட்டால் வண்டி ஒரு பக்கம் சுழன்று கவிழும். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இந்த வண்டிகளில் கிடையாது. பின்னால் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மூடி போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். வேட்டி நுனியோ துண்டோ சேலையோ சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. கொக்கிக்கும் மூடிக்கும் ஆகும் செலவு சொற்பம். ஆனால் மெக்கானிக் எழுதித் தரும் பட்டியலில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது, கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.

நினைவுக்காக என்றால்

இவ்வளவையும் பார்த்த பிறகு, உழவுக்கு இந்த வண்டி வேண்டாம் என்று தெரிந்தும் அதைச் சரிசெய்ய ஆசை வரலாம். அதில் தப்பே இல்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946-லிருந்து 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான சாம்பல் நிறக் குட்டி ஃபெர்குசன் டிராக்டர்களை இன்றைக்கும் அங்கே தட்டி ஒட்டி கண்காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள். அதன் வழியில் வந்ததுதான் இங்குள்ள 1035-ம். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, யாரும் அதை விவசாய முதலீடு என்று சொல்லிக்கொள்வதில்லை. அங்கிருந்து வரும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு இங்கே செய்கிறவர்கள்தான் அதை "அப்பாவுக்கு உதவியாக இருக்கும்" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பெயரை மாற்றிச் சொல்வதில்தான் சிக்கல். நினைவுக்கான செலவு என்றால் அது மகனின் சம்பளத்திலிருந்து, பைக் வாங்குவதுபோல, வர வேண்டும். விவசாயச் செலவு என்று பெயர் வைத்துவிட்டால் அது விதைக்கும் உரத்துக்கும் வைத்த பணத்திலிருந்து போகும், சில வீடுகளில் அம்மாவின் நகையை அடகு வைத்தும் போகும். அப்பாவும் மறுக்க மாட்டார். மகன் ஊர்ப்பக்கம் ஆர்வம் காட்டுகிறானே என்ற சந்தோஷத்தில் எதற்கும் தலையாட்டுவார்.

அவரிடம் நேராகவே கேட்டுவிடலாம்: "அப்பா, இந்த வண்டி வேணுமா, இல்ல ஐப்பசியில யாரையும் எதிர்பார்க்காம உழவு நடக்கணுமா?" பல அப்பாக்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதற்கு மழைக்கு முன்பே பக்கத்து ஊர் டிராக்டர்காரருக்கு முன்பணம் கொடுத்து நாள் பிடித்து வைப்பது போதுமானதாக இருக்கலாம். ரெண்டு மூணு பங்காளிகள் சேர்ந்து ஓடும் நிலையில் ஒரு வண்டி வாங்குவது இன்னொரு வழி. சில அப்பாக்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு முதலாவதைச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அதற்கும் மரியாதை உண்டு. ஆனால் அதற்கு 13.6 சைஸில் புது டயர் தேவையில்லை. இன்ஜின் ஓடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் களத்தை ஒரு சுற்று சுற்றினால் போதும்.

விற்பது என்று முடிவானால் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாங்க வந்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "பேர் மாத்தறதை நான் பார்த்துக்கறேங்க" என்று டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவரையே சேரும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, அவற்றை ஆர்.டி.ஓ.வில் கொடுத்த ரசீதைக் கையில் வாங்கும் வரை சாவியைத் தரக் கூடாது. உடைப்புக்குத்தான் போகிறது என்று வாங்குபவர் சத்தியம் செய்தாலும் சரி, பதிவு ரத்தாகாத வண்டி வேறு ஏதோ ஊரில் செங்கல் ஏற்றிக்கொண்டு அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.